தாத்தா போலீஸ்காரரா? அவருடைய சர்வீஸைத் தேடி எடுப்பது எப்படி

என் அப்பாவைப் பெற்ற தாத்தா ஏட்டாக ரிட்டயர் ஆனவர். பழைய ராமநாதபுரம் மாவட்டம். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் காகிதம் என்று கேட்டால் ஒன்றுகூடக் கிடையாது. அவர் காகிதங்களைப் போட்டு வைத்திருந்த டிரங்குப் பெட்டியை வீடு மாறிய சமயத்தில் யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்பது இன்றுவரை குடும்பத்தில் ஒரு விவகாரம், அது இருக்கட்டும். கையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, மூன்று வருஷத்தில் அவருடைய 34 வருஷ சர்வீஸில் பெரும்பகுதியைக் காகிதமாகவே சேர்த்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு போலீஸ் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், எதில் தொடங்கி எங்கே போய் எதைக் கேட்பது என்பதை நான் போன வழியிலேயே சொல்கிறேன். சுற்றிப்போன இடங்களை மட்டும் நீங்கள் தவிர்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம். பெயரை வைத்துத் தேடாதீர்கள். நான் முதல் ஆறு மாதத்தை இதில்தான் தொலைத்தேன். காவல் துறையின் பழைய காகிதங்களில் ஒரு கான்ஸ்டபிளுக்குப் பெயர் என்பது இரண்டாம்பட்சம், அவர் 'பி.சி. 1147' (பி.சி. என்றால் கான்ஸ்டபிள்) அல்லது 'எச்.சி. 312' (எச்.சி. என்றால் ஏட்டு), அவ்வளவுதான். அந்த எண்ணும் ஒரு மாவட்டத்துக்குள்தான் செல்லும். மாவட்டம் மாறினால் எண் மாறும், ஏட்டானால் மறுபடியும் மாறும். அதனால் நீங்கள் தேட வேண்டியது மூன்று: எண், மாவட்டம், வருஷம். இந்த மூன்றும் சேர்ந்தால் பெயர் தானாக வந்துவிடும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால், ராமசாமி என்ற ஒரே ஆளை இங்கிலீஷில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், இனிஷியல் ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது, அதே மாவட்டத்தில் இன்னும் ஏழு ராமசாமி இருப்பார்கள்.

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த வருஷத்திலிருந்து ரிட்டயர் ஆன வருஷம் வரை வருஷத்துக்கு ஒரு வரி. காகிதத்தில் பார்த்ததைப் பேனாவால் எழுதுங்கள், வீட்டில் சொன்னதைப் பென்சிலால். இந்த வித்தியாசத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் கழித்து எது அத்தை சொன்னது, எது ஆவணத்தில் இருந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

வீட்டிலேயே கிடைப்பவை

ஆவணக் காப்பகம் பிறகு. முதலில் பரணைப் பாருங்கள், சித்தப்பா வீட்டுப் பரணையும் சேர்த்து. சீருடையில் இருக்கும் போட்டோ கிடைத்தால் கையைப் பாருங்கள். இரண்டு பட்டை இருந்தால் முதல்நிலைக் காவலர், மூன்று பட்டை என்றால் ஏட்டு, தோளில் இரண்டு நட்சத்திரம் என்றால் எஸ்.ஐ. பெல்ட் பக்கிளிலோ மார்பிலோ எண் தெரிந்தால் போட்டோவைப் பெரிதாக்கி அதை எழுதிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. அரைக்கால் சட்டையும் உயரத் தொப்பியும் போட்டிருந்தால் காலத்தைப் பற்றி ஓர் அனுமானம் கிடைக்கும். போட்டோவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், ஸ்டூடியோவின் முத்திரையில் ஊர் பெயர் இருக்கும். மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், பிரிட்டிஷ் கால மெடல்களில் பெயரும் பதவியும் விளிம்பில் பொறித்திருப்பது உண்டு.

யாரும் யோசிக்காத ஓர் ஆதாரம் பிள்ளைகளின் பள்ளிக்கூட டி.சி. போலீஸ்காரர் பிள்ளைகள் ஊர் ஊராக மாறிப் படித்தவர்கள், ஒவ்வொரு ஊரிலும் பள்ளியில் சேர்த்த தேதி, விலகிய தேதி, தகப்பனார் தொழில் எல்லாம் டி.சி.யில் இருக்கும். என் பெரியப்பா கமுதியில் பிறந்தவர், அத்தை மானாமதுரையில், அப்பா பரமக்குடியில். மூன்று பேரின் பிறப்புச் சான்றையும் டி.சி.க்களையும் தரையில் பரப்பி வரிசைப்படுத்தியபோது தாத்தாவின் பன்னிரண்டு வருஷ ஸ்டேஷன்கள் ஒரே சாயங்காலத்தில் நோட்டில் ஏறிவிட்டன. டிரான்ஸ்ஃபர் உத்தரவு தேதி கிடைக்காவிட்டாலும், பள்ளி மாறிய மாதம் அதற்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்தது பத்திரம். அவர் எப்போதாவது இரண்டு சென்ட் நிலம் வாங்கியிருந்தாலும், பழைய கிரயப் பத்திரத்தில் ஊர், தகப்பனார் பெயர் எல்லாவற்றோடும் 'ஜீவனம் போலீஸ் உத்தியோகம்' என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, அப்போது எந்த ஊரில் குடியிருந்தார் என்பதும் இருக்கும். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து நகல் வாங்கலாம். கல்யாணப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் 'ஹெட் கான்ஸ்டபிள், பரமக்குடி' என்று பெயருக்குப் பக்கத்திலேயே அச்சடிப்பார்கள், சொந்தக்காரர்கள் வீட்டுப் பத்திரிகையில்கூட.

பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கினாரா என்பதையும் கேட்டு வையுங்கள். அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

எந்தப் போலீஸ்?

'போலீஸில் இருந்தார்' என்றால் போதாது. ஸ்டேஷன் வேலை பார்த்தவரா, ஏ.ஆர். என்கிற ஆயுதப்படையில் இருந்தவரா, பட்டாலியனா, ரயில்வே போலீஸா, மெட்ராஸ் சிட்டியா? ஒவ்வொன்றின் காகிதமும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். மாவட்டப் போலீஸ் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது, நகரப் போலீஸுக்கு 1888-ல் தனிச் சட்டம், தனி கமிஷனர். அதனால் சிட்டி போலீஸில் இருந்தவரை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் தேடிப் பயனில்லை.

'எம்.எஸ்.பி.யில் இருந்தார்' என்று வீட்டில் சொன்னால், மலபார் ஸ்பெஷல் போலீஸ். மலப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட படை, 1921 மாப்பிளா கலவரத்தை ஒட்டிப் புதிதாகத் திரட்டப்பட்டது. அதில் இருந்தவர் தமிழர் என்றாலும், 1956-ல் மலப்புரம் கேரளாவோடு போய்விட்டது. 'சாராய ரெய்டுக்குப் போவார்' என்ற கதை இருந்தால் மதுவிலக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1937-ல் சேலத்தில் தொடங்கி 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது, அந்த வேலைக்கு நிறையப் பேரை மாற்றிப் போட்டார்கள். தேடுவது தாத்தாவை அல்ல, பாட்டியை அல்லது அம்மாவை என்றால் 1973-க்கு முன்னால் போக வேண்டாம், தமிழ்நாட்டில் பெண் போலீஸ் அந்த வருஷம்தான் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது கான்ஸ்டபிளோடு ஆரம்பித்தது.

பதவியும் முக்கியம். கான்ஸ்டபிளையும் ஏட்டையும் நியமித்தது மாவட்ட எஸ்.பி., ஆகவே எஸ்.பி. அலுவலகம். எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் என்றால் டி.ஐ.ஜி. சரக அலுவலகத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டி.எஸ்.பி. முதல் மேலே என்றால் உங்களுக்கு யோகம்தான். அவர்கள் கெஜட்டட் அதிகாரிகள், நியமனமும் மாறுதலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகியிருக்கும், சிவில் லிஸ்ட் என்கிற அதிகாரிகள் பட்டியலில் பெயர் வரும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில்கூட அந்த சிவில் லிஸ்டுகள் இருக்கின்றன. கான்ஸ்டபிளின் பேரனுக்கு லண்டனால் ஒரு உபயோகமும் இல்லை, அங்கே எழுதிப் பணம் செலவழிக்காதீர்கள்.

மாவட்டம் நகர்ந்துபோயிருக்கும்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தாத்தா வேலை பார்த்த மாவட்டம் இன்றைக்கு அந்தப் பெயரில், அந்த எல்லையில் இருக்காது. பழைய ராமநாதபுரம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது: ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். கமுதியும் பரமக்குடியும் முதலாவதில், மானாமதுரை சிவகங்கையில், ஸ்ரீவில்லிபுத்தூர் விருதுநகரில். போதாக்குறைக்கு, பிரியும்வரை பழைய மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகமே மதுரையில்தான் இருந்தது. ஆகவே ஒரே ஆளுடைய காகிதத்துக்கு நான்கு ஊர்களில் கேட்க வேண்டி வந்தது. தர்மபுரி 1965 வரை சேலத்தோடு இருந்தது, ஈரோடு 1979 வரை கோயம்புத்தூரோடு, திண்டுக்கல் 1985 வரை மதுரையோடு. உங்கள் மாவட்டத்துக்கு இந்த மாதிரி ஒரு சின்ன வரலாறு எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

மாநில எல்லையும் அப்படித்தான். நெல்லூரிலோ சித்தூரிலோ வேலை பார்த்தவருடைய காகிதம் 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தபோது போயிருக்கலாம். மலபார் என்றால் 1956 நவம்பரில் கேரளா, அந்த மாவட்டப் பழைய ஆவணங்களுக்குக் கோழிக்கோட்டில் வட்டார ஆவணக் காப்பகம் இருக்கிறது. கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தலைகீழ். 1956-க்கு முன்னால் அது திருவிதாங்கூர்-கொச்சி, அதனால் தாத்தா திருவிதாங்கூர் போலீஸ், தேட வேண்டியது திருவனந்தபுரத்தில். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், போலீஸும் தனி.

எஸ்.பி. அலுவலகம், ஆர்.டி.ஐ.

உங்களுக்கு வேண்டிய முக்கியமான ஆவணம் சர்வீஸ் புக், அதாவது பணிப் பதிவேடு. முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார், சொந்த ஊர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், இடது கை விரல் ரேகைகள். உள்ளே நியமனம், சம்பள உயர்வு, மாறுதல், விடுப்பு, பதவி உயர்வு, வெகுமதி, தண்டனை. அதற்கு அடுத்தது டி.ஓ. புத்தகம். டி.ஓ. என்றால் டிஸ்ட்ரிக்ட் ஆர்டர், எஸ்.பி. அலுவலகம் வரிசை எண் போட்டு வெளியிடும் உத்தரவு. யாரை எந்த ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு, யாருக்கு ஐந்து ரூபாய் ரிவார்டு, எல்லாம் அதில் வரும்.

நேரில் போய் 'எங்க தாத்தா சர்வீஸ் புக் வேணும் சார்' என்றால் நடக்காது. நான் போயிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, ரொம்ப மரியாதையாக, 'அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு தம்பி' என்று அனுப்பி வைத்தார்கள். அழித்ததற்குக் காகிதம் கேட்டு ஆர்.டி.ஐ. போட்டபோதுதான் அதே அலுவலகத்தின் பழைய அறையில் மூன்று டி.ஓ. கட்டுகள் இருப்பது தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆர்.டி.ஐ. என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில், மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். 'என் தாத்தா எங்கெல்லாம் வேலை பார்த்தார்' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

'பழைய ராமநாதபுரம் மாவட்டக் காவலில் 1936 முதல் 1970 வரை பணியாற்றி ஏட்டாக (எச்.சி. 312) ஓய்வு பெற்ற, காலஞ்சென்ற என் தாத்தா தொடர்பாக: 1. அவரது பணிப் பதிவேட்டின் சான்றிட்ட நகல். 2. அது அழிக்கப்பட்டிருப்பின், அழிக்கப்பட்ட தேதி, உத்தரவு எண், அழிப்புப் பதிவேட்டில் உரிய பக்கத்தின் நகல். 3. 1936-ஆம் ஆண்டு ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் அவரது பதிவு உள்ள பக்கத்தின் நகல். 4. 1950 முதல் 1970 வரையிலான டி.ஓ. புத்தகங்களை நேரில் பார்வையிட நாளும் நேரமும். 5. இவ்வாவணங்கள் வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)-இன் கீழ் இம்மனுவை அவ்வலுவலகத்துக்கு மாற்றி, எனக்குத் தெரிவிக்கவும்.'

இரண்டாவதுதான் சூட்சுமம். 'இல்லை' என்று வாயால் சொல்லலாம், அழிப்புப் பதிவேட்டின் பக்கத்தைக் கேட்டால் யாராவது எழுந்து போய்த்தான் தேட வேண்டும். ஐந்தாவதும் கட்டாயம், மாவட்டம் பிரிந்த இடங்களில் அது இல்லாமல் நீங்கள் பந்து மாதிரி உருள வேண்டியிருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களை இணைத்துவிடுங்கள்.

'இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)' என்று பதில் வரலாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கமாகத் திருத்தியிருக்கிறது. பதற வேண்டாம், உங்களுக்கு 8(3) இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்த விஷயம் பற்றிய தகவலைக் கேட்டால், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் இந்த மூன்று விலக்குகள் போக மற்றதைக் காட்டி மறுக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. மனுவிலேயே அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆனால் அழிந்துபோன காகிதத்தை 8(3) திரும்பக் கொண்டுவராது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாத்தா உளவுப் பிரிவில் இருந்தவர் என்றால் அந்தப் பிரிவுக்கு ஆர்.டி.ஐ.யிலிருந்து விலக்கு இருக்கும், அவர் அங்கே போவதற்கு முன்னும் பின்னும் இருந்த மாவட்டத்தில் கேளுங்கள்.

வருகிற பதிலின் மேல்பகுதியில், அல்லது உங்களுக்குக் கிடைக்கும் எந்தப் பழைய கடிதத்திலும், கோப்பு எண்ணுக்கு முன்னால் ஒரு சுருக்கெழுத்து இருக்கும். அதைக் கவனியுங்கள். நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு, ப.மு. பத்து வருஷம், மூ.மு. மூன்று, ஓ.மு. ஒன்று. பழைய இங்கிலீஷ் காகிதத்தில் இதுவே ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று இருக்கும். 1958-ஆம் வருஷத்து கே.டிஸ். கோப்பைத் தேடி அலைவது வீண், அது 1961-லேயே போயிருக்கும். ஆர்.டிஸ். என்று பார்த்தால் மட்டும் விடாதீர்கள்.

பென்ஷன் வழி

சர்வீஸ் புக் அழிந்துபோனவர்களுக்கு இது நல்ல பின்வாசல். ஓய்வு பெறும்போது முழு சர்வீஸையும் சுருக்கி ஒரு பென்ஷன் விண்ணப்பம் போகும்: எந்தத் தேதியில் சேர்ந்தார், நடுவே எத்தனை நாள் கணக்கில் வராது, கடைசிச் சம்பளம் என்ன, அங்க அடையாளம், மனைவியோடு எடுத்த போட்டோ. அது சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதியக் கொடுவை ஆணையாகத் திரும்பி வரும். பாட்டி உயிரோடு இருந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால், அல்லது சமீபத்தில்தான் காலமானார் என்றால், கருவூலத்தில் அந்தக் கோப்பு உயிரோடு இருக்கும். பி.பி.ஓ. எண் வேண்டும், பாட்டியின் பழைய பேங்க் பாஸ்புக்கிலோ பென்ஷன் புத்தகத்திலோ பாருங்கள். எங்கள் வீட்டில் அது பாட்டியின் சுருக்குப் பையில் நாலாக மடித்து இருந்தது.

எழும்பூர்

சென்னை எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909-ல் கட்டி முடித்த பழைய மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ். பார்த்தாலே ஆசை வரும், ஆனால் முதலிலேயே இங்கே ஓடாதீர்கள். இங்கே இருப்பது கோட்டையில் உட்கார்ந்திருந்த அரசாங்கத்தின் காகிதம். ஒரு கான்ஸ்டபிளின் பெயர் கோட்டைவரை போக ஏதாவது பெரிய காரணம் வேண்டும்: துப்பாக்கிச் சூடு, வீரச் செயல், பணியில் மரணம், அல்லது டிஸ்மிஸ் ஆனவர் அரசாங்கத்துக்குப் போட்ட மேல்முறையீடு. இந்தக் கடைசி வகை ஏராளம். ஒழுங்காக வேலை பார்த்து ஒழுங்காக ரிட்டயர் ஆனவரைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லாமல் போகலாம், தப்பு செய்தவரைப் பற்றி முப்பது பக்கம் இருக்கும், அவருடைய சொந்த வாக்குமூலத்தோடு.

முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு, கல்லூரி ஆசிரியர் யாராவது தெரிந்தால் ஓர் அறிமுகக் கடிதம், இவை இருந்தால் வேலை சுலபம். உள்ளே போனதும் கேட்க வேண்டியது கோப்பு அல்ல, இண்டெக்ஸ். அரசாணைகளுக்கு வருஷவாரியாக, துறைவாரியாக அச்சடித்த இண்டெக்ஸ் தொகுதிகள் உண்டு. போலீஸ் விஷயங்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஜுடிஷியல் துறையில் வரும், பின்னால் பப்ளிக் (போலீஸ்), ஹோம் என்று துறை மாறியிருக்கும், அதனால் ஒரு வருஷத்துக்கு இரண்டு மூன்று இண்டெக்ஸ் பார்க்க வேண்டியிருக்கலாம். 'போலீஸ்' என்ற தலைப்பின் கீழ் மாவட்டம், ஸ்டேஷன், சம்பவம் என்று மூன்று வழியிலும் பாருங்கள். கிடைத்த அரசாணை எண், துறை, தேதி மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் கோப்பு வரும். ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்பு பார்த்தாலே பெரிய விஷயம், ஒரு வாரம் தங்குகிற மாதிரி போங்கள்.

ஆள் கிடைக்காவிட்டாலும் ஒன்று நிச்சயம் கிடைக்கும். மெட்ராஸ் போலீஸின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள். எத்தனை பேர், எத்தனை பேர் ராஜினாமா, எத்தனை பேருக்குத் தண்டனை, எந்த மாவட்டத்தில் என்ன தகராறு என்று வருஷத்துக்கு ஒரு புத்தகம். தாத்தா வேலை பார்த்த வருஷங்களின் அறிக்கையை மட்டும் புரட்டுங்கள். அவர் சொன்ன கதைகளில் பாதி அங்கே ஒரு பத்தியாக, பெயர் இல்லாமல், இருக்கும்.

எங்கள் தாத்தா சொன்ன இரண்டு கதை: 1957 முதுகுளத்தூர் கலவரம், 1964 தனுஷ்கோடி புயல். இரண்டும் அவருடைய மாவட்டத்திலேயே நடந்தவை. முதுகுளத்தூரைப் பற்றி எழும்பூரிலும் பத்திரிகைகளிலும் படிப்பதற்கு நிறைய இருந்தது, தாத்தா அதில் எங்கே நின்றார் என்பதற்கு ஒன்றும் இல்லை. புயல் வேறு மாதிரி. டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது, பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோனது, அடுத்த பல நாள் மீட்பு வேலை. டி.ஓ. கட்டில் 1965-ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில் வரிசையாக எண்கள், நடுவில் எச்.சி. 312, எதிரே ஜி.எஸ்.இ., ஐந்து ரூபாய். ஜி.எஸ்.இ. என்றால் குட் சர்வீஸ் என்ட்ரி. பெயர்கூட எழுதவில்லை. எண் தெரியாமல் போயிருந்தால் அந்தப் பக்கத்தை நான் பார்த்துவிட்டுத் திருப்பியிருப்பேன்.

எழும்பூர் போனதோடு இன்னும் இரண்டு இடம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், பழைய கெஜட்டுகளுக்கு. பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகம், இங்கே உங்கள் தாத்தாவின் பெயர் கிடைக்காது, ஆனால் பழைய சீருடை, பேட்ஜ், ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வந்து வீட்டுப் போட்டோவைப் பார்த்தால் முன்பு கண்ணில் படாதது படும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

கோர்ட் தீர்ப்புகள்

போலீஸ்காரர் என்றால் சாட்சி சொல்லப் போயே ஆக வேண்டும். கொலை வழக்குகள் ஹைகோர்ட் வரை போகும், தீர்ப்பில் 'பி.டபிள்யூ. 9, ஹெட் கான்ஸ்டபிள்' என்று, அதாவது அரசுத் தரப்பின் ஒன்பதாவது சாட்சியாக, பெயரோடு வருவார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்புகள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. ஊர் பெயர், 'ஹெட் கான்ஸ்டபிள்', வருஷம் மூன்றையும் இங்கிலீஷில் போட்டுத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடிப் பலன் கிடைக்கிற ஒரே இடம் அநேகமாக இதுதான், நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு விதிவிலக்கு. ஸ்டேஷனில் எழுதிய ஜி.டி. என்கிற அன்றாடப் பொது டைரி, கேஸ் டைரி எல்லாம் இத்தனை வருஷம் கழித்துக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

கிடைத்ததைப் படிப்பது

பிறந்த தேதி ஜூலை 1 என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். வருஷம் மட்டும் தெரிந்து மாதம் தெரியாவிட்டால் ஜூலை 1 என்று போட்டுக்கொள்வது அரசாங்க வழக்கம், மாதம் தெரிந்து தேதி தெரியாவிட்டால் 16. எங்கள் தாத்தாவுக்கு 1-7-1915. பாட்டியோ அவர் மாசி மாதம் பிறந்தவர் என்று சத்தியம் செய்வார். 55 வயதில் ஓய்வு என்ற கணக்கில் 1970 ஜூன் கடைசியில் வீட்டுக்கு வந்தார், அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி உதவியது.

தண்டனைப் பக்கம் வரும். பி.ஆர். என்று இருந்தால் பனிஷ்மென்ட் ரோல். 1955-ஆம் வருஷத்து ஒழுங்கு விதிகளுக்குப் பிறகு 3(அ) சின்னது, 3(ஆ) பெரியது, இங்கிலீஷில் 3(ஏ), 3(பி). சின்னதைப் பார்த்து வீட்டில் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ரோல்காலுக்குத் தாமதம், லீவு முடிந்து ஒரு நாள் கழித்து வந்தது, பாரா மாற்றும் நேரத்தில் ஆள் இல்லை, இதற்கெல்லாம் பிளாக் மார்க்கும் இன்கிரிமென்ட் நிறுத்தமும் கொடுத்த காலம் அது. என் தாத்தாவுக்கு ஒன்று இருக்கிறது: அனுமதி இல்லாமல் இரண்டு நாள் வரவில்லை. தேதியைப் பார்த்தால் அத்தை பிறந்த வாரம். பெரியது இருந்தால் அது வேறு, அதைப் படிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இப்படி ஒன்று இருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் அவர்கள் காலத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 1947-க்கு முந்தைய போலீஸ் காகிதங்களில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை எடுத்து ரிஜிஸ்டர் செய்த குடும்பங்களின் பெயர்கள் ஊர் ஊராக வரும். உங்கள் தாத்தா அந்த ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு இரவில் ஆள் எண்ணப் போனவராக இருக்கலாம். அதை மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அப்படியே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அதில் இருப்பது இன்னொரு வீட்டுத் தாத்தாவின் பெயர்.

கடைசியாக, கிடைத்த நகல் ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த அலுவலகம், எந்தக் கோப்பு, எந்த நாள் வாங்கியது என்று எழுதி, ஸ்கேன் செய்து, குடும்பத்தில் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். டிரங்குப் பெட்டி எடைக்குப் போன வீட்டுக்காரன் சொல்கிறேன். நோட்டில் காலியாக இருக்கும் வரிகளைக் கதை போட்டு நிரப்பாதீர்கள். என்னுடையதில் 1951 முதல் 1954 வரை இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. மெட்ராஸுக்குப் போயிருந்தார், ஹார்பர் பக்கம் டூட்டி என்று அப்பா சொல்கிறார். இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர், ஆடிப்பூரத் தேர் பந்தோபஸ்துக்குத் தன்னைக் கூட்டிப்போய்த் தோளில் வைத்துக் காட்டினார் என்கிறார் பெரியப்பா. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், விருதுநகருக்குப் போட்ட மனுவுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.